யார் சொல்லி வந்தீங்க?

மக்கா,

உனக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என்னோடு தமிழ் பேசினாலும் நீ படித்ததெல்லாம் மலையாளம். நாகர்கோவிலில் என் அக்கா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாசிக்கச் சொன்னபோது முதல் வரியை முடிப்பதற்குள் உனக்கு வேர்த்துவிட்டது. பரவாயில்லை, எழுத்துக்கூட்டி மெல்ல வாசி. அவ்வளவு நேரமும் நீ என்னை நடுவில் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாய், எனக்கு அது போதும். நேரில் நான் வாயைத் திறந்தாலே "அம்மே, மதி" என்று எழுந்து போய்விடுகிறாய். போதும் என்கிற சொல்லை நீ தமிழில் சொல்லி நான் கேட்டதே இல்லை. சண்டை என்று வந்தால் மட்டும் உனக்கு மலையாளம்தான் வாயில் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போகக் கூடாது. அடுத்த புதன்கிழமை துபாய்க்கு டிக்கெட் வந்துவிட்டது என்று நீ என்னிடம் சொல்லவில்லை. சட்டைகளை அயர்ன் பண்ணிப் பெட்டியில் அடுக்கினாய், நானாகத் தெரிந்துகொண்டேன். அங்கே ஏதோ விளையாட்டுப் பூங்காவாம். வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, அதைச் சாவிக்கொத்தில் ஒட்டி விற்க வேண்டுமாம். கேவலமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. உங்க அப்பா தம்பானூரில் ரயிலடி ஹோட்டலில் சப்ளையராக இருந்து எச்சில் இலை எடுத்துத்தான் நம்மை வளர்த்தார், எந்த வேலையையும் இளக்காரமாகப் பேசுகிற வாய் எனக்கு இல்லை. ஆனால் ஆசைப்பட்டுப் போகிறவனை நான் வழியனுப்புவேன். நீ ஆசைப்பட்டுப் போகவில்லை. தோற்றுப்போனேன் என்று நினைத்துப் போகிறாய். நீ தோற்கவில்லை, மக்கா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சொன்ன பிறகு நீ என்னோடு பேசாமலே இருந்துவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் முதலில் வேறு கதைகளைச் சொல்லிக் கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்கிறேன்.

நீ சொந்தமாகக் கேமரா வாங்கின புதிதில் ஸ்ரீகண்டேஸ்வரம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். நீ அங்கே வேறொரு போட்டோகிராபருக்குத் துணையாகப் போயிருந்தாய். எனக்கும் அழைப்பு இருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறவைத்துக்கொண்டே பக்கத்து இலைக்காரியிடம், "அந்தா லைட்டப் பிடிச்சிட்டு நிக்கானே, அவன் என் மவன்தான். தனியாவும் எடுப்பான். நல்லா எடுப்பான், நம்பர் தரட்டுமா?" என்றேன். என் குரல் உனக்குத் தெரியும். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். மூன்று பந்திக்கும் கேட்டிருக்கும். உன்னோடு வந்த பையன்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. "அம்மே, இனி எங்கயும் போயி என் பேரச் சொல்லாதீங்க. நாணக்கேடு. ஒர்க் நல்லாருந்தா ஆளு தன்னால வரும்" என்றாய். சரி என்றேன். உனக்கு வெட்கக்கேடாக இருக்கிற அம்மாவாக இருக்க எனக்கு மட்டும் என்ன ஆசையா?

அதற்குப் பிறகு நீ ஸ்டூடியோ போட்டாய். கரமனைச் சந்திப்பில் மாடியில் ஒற்றை அறை. வாசலில் மாட்டின போர்டில் பேர் இருந்தது, அதற்குக் கீழே எல்லாரும் எழுதுகிற "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப்படும்" என்பது இல்லை. ஏன் என்று கேட்டேன். பிராண்டு போய்விடும் என்றாய். மீதி நேரமெல்லாம் போனில் நீ எடுத்த படங்களைப் போடுகிற பேஜ். இன்றைக்கு இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுவாய். உன் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ரவிக்கை தைக்கிறவள். வீட்டு வாசலில் இன்றுவரை ஒரு போர்டு இல்லை. ஆனாலும் கரமனையிலும் ஸ்ரீவராகத்திலும் நம்மவர் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் மண்டபத்துக்காரனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். முகூர்த்தப் புடவை எடுத்த கையோடு ரவிக்கைத் துணியை வெட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். என்ன நிறம், யார் மாப்பிள்ளை, எந்த மண்டபம், மாமியார்க்காரி எப்படி, எல்லாம் அளவு எடுக்கும்போதே வந்துவிடும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றால் பெண்கள் தங்கள் அக்காவிடம்கூடச் சொல்லாததைச் சொல்லுவார்கள். ஏன் என்னிடமே திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் உள்ளே துணி விட்டுத் தைப்பேன். இரண்டு பக்கமும் மடித்து உள்ளே கொஞ்சம் துணி கூடுதலாக இருக்கும். பிள்ளை பெற்று உடம்பு பூசினாற்போல ஆனதும் அந்தப் பெண்ணே ரவிக்கையை எடுத்துக்கொண்டு வருவாள். தையலைப் பிரித்து இளக்கிக் கொடுப்பேன். புதுசு தைக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். வந்தவள் பிள்ளையைக் காட்டுவாள், நாத்தனார் கல்யாணம் என்பாள், அந்த ரவிக்கையும் எனக்கே வரும். என் விளம்பரமெல்லாம் அந்த உள் மடிப்புக்குள்தான் இருக்கிறது.

இனி செண்பகம் மதினி கதைக்கு வருகிறேன். ஸ்ரீவராகத்து வீட்டுக்காரி, அவள் மகள் கல்யாணத்துக்கு நீதான் படம் எடுத்தாய். கல்யாணம் முடிந்து மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் கழித்து மதினி வந்தாள். கையில் கர்ச்சீப், அதை அவிழ்த்தால் உள்ளே நீ கொடுத்த பென் டிரைவ். "இதுக்குள்ளதான் எம் மக கல்யாணம் இருக்காம்லா. எனக்கு இதத் தொறக்கத் தெரியாது. மருமவன் வந்தா டிவில சொருவித் தருவாராம். அதுவரைக்கும் சாமி ரூம்ல வச்சிருக்கேன்" என்றாள். பென் டிரைவுக்குப் பொட்டு வைக்காத குறை. நான் உன்னிடம் வந்து, அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு படத்தைப் பெரிசாகப் போட்டுச் சட்டம் அடித்துக் கொடு என்றேன். "பிரிண்டு ஆரு இப்ப வைக்குது?" என்று அலுத்துக்கொண்டாய். நான் இரண்டு நாள் உன் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய்.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பெண் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுற்றி எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். செண்பகம் மதினி மட்டும் அழவில்லை. குனிந்து, கார்க் கதவில் மாட்டிக்கொள்ளாமல் மகளின் புடவைக் கொசுவத்தை உள்ளே ஒதுக்கிவிடுகிறாள். அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்திருந்தாய். சொல்லிக் கொடுத்து வருகிற கண் இல்லை மக்கா அது. அதைப் பார்த்து நான் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இன்றைக்கு அந்தக் கண்ணைத்தான் நீ சாவிக்கொத்து விற்கக் கொண்டுபோகிறாய்.

மதினி அந்தப் படத்தைக் கதவுக்கு நேர் எதிரே மாட்டினாள். மகள் போன வீட்டில் அம்மாவுக்கு என்ன வேலை? வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பதும் அந்தப் படத்தைக் காட்டுவதும்தான். கல்யாண ஆல்பத்தை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அம்மாக்காரி அப்படி வைக்க மாட்டாள். பால்காரனிலிருந்து கியாஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்வரை அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். பெண்கள் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பார்களாம், படம் எடுத்தது யார், ரவிக்கை தைத்தது யார் என்று. இரண்டுக்கும் மதினிக்குப் பதில் ஒரே வீடுதான். அப்படி அவளுடைய கொழுந்தன் மகள் கல்யாணம் வந்தது. அடுத்த தெருவில் வளைகாப்பு வந்தது. அறுபதாம் கல்யாணம் ஒன்று வந்தது. எல்லாரும் முதலில் என்னிடம்தான் வந்தார்கள். நான் அவர்களை உன்னிடம் அனுப்பினேன்.

ஸ்டூடியோவுக்கு யார் வந்தாலும் நீ முதலில் கேட்பது "யார் சொல்லி வந்தீங்க?" என்பதைத்தான். அது எனக்குத் தெரியும். என் பேரைச் சொன்னால் உனக்கு நாணக்கேடு. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுப்பும்போதே ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக் கொடுத்தேன். "எம் பேரச் சொல்லிராதீங்க. பேஜ்ல பாத்தோம்னு சொல்லுங்க." அதென்ன பேஜ் என்று கேட்டவர்களுக்கு, போனில் வருமாம், அவ்வளவு சொன்னால் போதும் என்றேன். பாவம், அவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். அதுதான் மக்கா. நான் சொல்ல வந்தது இதைத்தான். நீ ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் வந்து, "அம்மே, இன்னைக்கும் ஒரு ஒர்க் பேஜ் வழியா வந்துது" என்று சொன்னபோது நான் மெஷினை மிதித்துக்கொண்டே "அப்படியா, நல்லது" என்றேன். பேஜைப் பார்த்து யாருமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்களெல்லாம் செண்பகம் மதினியின் சுவரிலிருந்தும் என் அளவு டேப்பிலிருந்தும் வந்தவர்கள்.

பிறகு அந்தக் காலை. பேஜின் பாஸ்வேர்டை எவனோ திருடிவிட்டான் என்றாய். உன் பேர் போய் வேறு ஏதோ பேர், நீ எடுத்த கல்யாணப் பெண்களுக்குப் பதில் கைக்கடிகாரமும் செருப்பும். நீ யார் யாருக்கோ எழுதினாய். பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. வாடகை வீட்டில் போய்ச் சொந்தச் செலவில் சுவர் எழுப்பினவன் கதைதான், வீட்டுக்காரனையும் காணவில்லை. இரண்டு நாளில் திரும்பக் கிடைத்துவிடும் என்று நீ சொன்னாய், நானும் காத்திருந்தேன். அதுவரை யாரையும் அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன சொல்லச் சொல்வது? இல்லாத பேஜைப் பார்த்தோம் என்றா? இரண்டு நாள் வாரமானது, வாரம் மாதமானது. என்னிடம் ரவிக்கை தைக்க வந்த கல்யாணப் பெண்களெல்லாம் "போட்டோவுக்கு யாரக் கூப்பிடலாம்?" என்று கேட்டார்கள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தெரியாத மாதிரி தலையை ஆட்டினேன். நீ ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்திருந்தாய். பேஜ் போனதால் வேலை நின்றது என்று நினைத்தாய். அதனால் நிற்கவில்லை. நான் வாயை மூடினதால் நின்றது.

அப்புறம்தான் பகவதி வந்தாள். பாலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு நான் வெகு நாளைக்கு முன்பே, பேஜ் இருந்தபோதே, சொல்லிக் கொடுத்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ தடங்கல், அவள் மகள் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. எல்லாம் சரியானதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக உன் படியேறிவிட்டாள். நீ கேட்டாய், அவள் சொன்னாள்: "உங்க பேஜ்ல பாத்தேன் தம்பி. ரொம்ப நல்லாருக்கு." எந்தப் பேஜ் என்று கேட்டாயாம். "அதான், உங்க பேஜ்" என்றாளாம். எப்போது பார்த்தீங்க என்று கேட்டாயாம். வாய்ப்பாடு அதோடு முடிந்துவிட்டது அவளுக்கு. பயந்துபோய், "நேத்துக்கூடப் பாத்தேன்" என்றிருக்கிறாள். நீ கதவைக் காட்டிவிட்டாய். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நாட்டுக்காரெல்லாம் என்னயக் களியாக்குது அம்மே. செருப்பு விக்கிற பேஜப் பாத்துட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லுது. எனக்கு இங்க வய்யா. நான் போறேன்" என்றாய். ஊரே உன்னைக் கேலி செய்கிறது, இனி இங்கே முடியாது என்று நினைத்தாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

உங்க அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஹோட்டலில் அவர் மேஜைக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள், உனக்கும் தெரியும். காரணம் ஒன்றும் பெரிதில்லை. வடை காலையில் சுட்டதாக இருந்தால் குனிந்து மெல்ல, "சார், இன்னைக்கு வட வேண்டாம்" என்பார். முதலாளி காதில் விழுந்து எத்தனையோ நாள் திட்டு வாங்கினார். ஆனாலும் ரயிலை விட்டு இறங்கினவர்கள், நாலு ஹோட்டலைத் தாண்டி அவர் மேஜையைத் தேடி வந்தார்கள். வடை விஷயத்தில்கூட அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. நான் பெற்ற பிள்ளை விஷயத்தில் சொன்னேன். உன் கௌரவத்தைக் காப்பாற்றுகிறதாக நினைத்து உன் காலுக்குக் கீழே இல்லாத தரையைக் காட்டினேன். நீ அதில் ஊன்றி நின்றாய். என்மேல் கோபப்படு. ஆனால் உன்மேல் கோபப்படாதே, உன் தொழில்மேல் கோபப்படாதே.

தம்பானூரில் இருந்து உன் கேமராவை வாங்க வருகிறேன் என்றவன் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் பண்ணினான். நான் எடுத்து, அது கரமனை ஆற்றில் விழுந்து எடுத்த கேமரா, அரிசியில் போட்டுக் காயவைத்திருக்கிறோம் என்றேன். இதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்னொருத்தன் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்.

நீ இருந்துவிட்டால் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். பேஜை இன்னொன்று தொடங்கினால் தொடங்கிக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பிக் கடையைத் திறக்காதே. நீ படம் எடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு தடவை நடந்து போ. உள்ளே துணி விட்டுத் தைக்கிறது என்றேனே, அதுதான் இது. நீ தாலி கட்டும்போது எடுத்த பெண்களெல்லாம் இப்போது பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டக் கோவிலுக்குப் போகிறார்கள். "அந்தத் தம்பி இப்ப ஊர்ல இல்லையோ?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கல்யாணத்தோடு நீ மறந்துபோகிறாய், அவர்கள் மறக்கவில்லை. போகும்போது வெறுங்கையோடு போகாதே, ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோ. பெண்ணின் அம்மாவிடம் கொடு. மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடாதே, அவன் சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடுவான். கல்யாணத்துக்குப் போனால் சமையல் மாஸ்டரை அவர் பாயச உருளிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒன்று எடு. பரிமாறுகிறவர்களை எடு. அவர்களை யாரும் எடுப்பதில்லை. உங்க அப்பா அத்தனை வருஷம் ஹோட்டலில் நின்றார், தோளில் துண்டோடு நிற்கிற ஒரு படம் நம்மிடம் இல்லை. அடுத்த கல்யாண வீட்டில், நல்ல போட்டோக்காரன் யார் என்று சமையல்காரரிடம்தான் கேட்பார்கள். எடுத்ததை அவருக்கு மறக்காமல் பிரிண்டு போட்டுக் கொடு. பாஸ்போர்ட் சைஸ் எடுப்போம் என்று வாசலில் எழுதிப் போடு. பள்ளிக்கூட அப்ளிகேஷனுக்குப் படம் எடுக்க வருகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வருவாள், அத்தை வருவாள். உன் பிராண்டை அவர்கள் ஒன்றும் தின்றுவிட மாட்டார்கள். இதெல்லாம் செய்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று நான் சொல்லவில்லை. மெல்ல வரும். சில மாதம் வரவே வராது. அப்போது இந்த மெஷின் ஓடும், எப்போதும் ஓடினதுதானே.

எனக்குப் பயமாக இருக்கிறது, மக்கா. கொஞ்ச நாளாக ஊசிக் காதில் நூல் கோக்க முடியவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ வீட்டில் இருந்தால் ஒன்றும் பேசாமல் வந்து வாங்கிக் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாய். நீ முகம் கொடுத்துப் பேசாத இந்த நாட்களில்கூட அதைச் செய்தாய். நீ போனால் நூல் கோக்க ஆள் இல்லை என்பதற்காக உன்னைப் பிடித்து வைக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோத்துக்கொள்வேன். ஆனால் என் பொய்யை நம்பித் தோற்றவனாக விமானம் ஏறிவிட்டாயே என்று மீதிக் காலம் முழுக்க நினைத்துக்கொண்டு தைக்க என்னால் முடியாது. அதை என்னால் தாங்க முடியாது.

இன்னும் ஒன்று பாக்கி. இங்கே நம்மவர் சங்கத்தில் வருஷா வருஷம் மலர் போடுகிறார்கள் அல்லவா? செயலாளர் வந்து, "பையன் ஸ்டூடியோ பேர்ல அரைப் பக்கம் விளம்பரம் போடட்டுமாக்கா?" என்று கேட்டார். விளம்பரத்தை எவன் படிக்கிறான்? ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் உன் பேர் கிடக்கும். நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதைப் போடுங்கள் என்றேன். நேற்று இதைப் பாதி வாசித்துப் பார்த்துவிட்டு, "இது வீட்டு விஷயமல்லா?" என்று தயங்கினார். வீட்டு விஷயம்தான். அடுத்த வீட்டு விஷயம் என்றால் ஒருத்தரும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக மாட்டார்கள் என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மலர் வருகிறது. கரமனையிலும் ஸ்ரீவராகத்திலும் நம்மவர் வீடு ஒன்று பாக்கி இல்லாமல் போகும். செண்பகம் மதினி படிப்பாள். உன் பந்திக் கதையும் என் பொய்யும் பென் டிரைவுக் கதையும் எல்லாருக்கும் தெரியும். உனக்கும் யாராவது ஒருத்தர் தெருவில் நிறுத்தி இதைக் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு மூன்று பந்திக்குத்தான் கேட்டது. இன்றைக்கு ஊருக்கே கேட்கிறது. பெற்ற பிள்ளையின் மானத்தை ஏலம் போட்டுவிட்டாள் என்று நீ நினைக்கலாம். நான் போட்டது என் மானத்தை.

பகவதி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட மறுபடியும் போறேன்க்கா. ஆனா இந்தத் தடவ என்ன சொல்லணும்னு நீங்க சொல்லித் தராதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாள். ஸ்டூடியோவைத் திறந்து வை. வருகிற எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேள். "உங்க அம்மா சொன்னாங்க" என்பாள். அதைக் கேட்டு உனக்கு நாணக்கேடாக இருந்தால் புதன்கிழமை போய்விடு, நானே ஏர்போர்ட் வரைக்கும் வந்து பெட்டியை எடுத்துத் தருகிறேன். இல்லையென்றால் கல்யாணம் என்றைக்கு என்று அவளிடம் கேட்டுக்கொள். அவள் மகளின் முகூர்த்த ரவிக்கை என் மெஷினில்தான் கிடக்கிறது, தேதி எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நீயே கேள்.

அம்மா